ஏகமனதாக ஒரு பஸ்

ஆமாங்க, பெரியாஸ்பத்திரி போற பஸ்ஸுதானுங்க இது. ஆஸ்பத்திரி வாசல்லயே எறக்கி உட்ருவான். நடுவுல மாறவே வேண்டாம். ஏறுங்க அம்மணி, இங்க எம்பக்கத்துலயே உக்காருங்க. பைய மடியில வெக்காதீங்க, கீழ வெச்சுக்கலாம், சுத்தமாத்தான் இருக்கும். புது பஸ்ஸுங்க. வந்து இன்னும் முழுசா ரெண்டு மாசம் ஆகல.

இந்த பஸ்ஸப் பத்திக் கேக்கறதுக்கு நீங்க சரியான ஆளத்தான் புடிச்சீங்க. ஏன்னு கேளுங்க. சும்மா கேளுங்க அம்மணி!

இந்த பஸ்ஸக் கொண்டாந்ததே நானுங்க.

சிரிக்கறீங்க பாத்தீங்களா. எல்லாரும் மொதல்ல சிரிக்கத்தான் செய்வாங்க. நானு மருதங்காடு நகராட்சி, பதினாலாவது வார்டு கவுன்சிலரு. பேரு சுலோச்சனா. சுயேச்சைங்க, எந்தக் கட்சியும் இல்ல. எங்க வார்டு பொம்பளைகளுக்குன்னு ஒதுக்குனதும் எங்கூட்டுக்காரரு சென்னியப்பன் எம்பேர எழுதிக் குடுத்துட்டாரு. செயிச்சும் போட்டேன். அதுக்கப்புறம் மூணு வருசம் மன்றக் கூட்டத்துக்குத் தவறாமப் போனனுங்க. அவரும் கூடவே வந்து பின்னால நாற்காலி போட்டு உக்காந்துக்குவாரு. அவரு கனைச்சா நானு கையத் தூக்குவேன். மறுக்காக் கனைச்சா எறக்கிக்குவேன். மூணு வருசத்துல நானு வாயத் தொறந்தது காப்பி குடிக்கறதுக்கு மட்டுந்தானுங்க. அதுலயும் சக்கரை பத்தலைன்னா அவருதான் சொல்லுவாரு.

அப்பறம் புதுசா ஒரு கமிஷனரம்மா வந்தாங்க. சின்னப் பொண்ணு, எம்பட மக வயசுதான் இருக்கும். வந்த மொத மாசமே, "கவுன்சிலர்கள் மட்டும் உள்ளே இருங்க. வீட்டுக்காரங்க எல்லாம் வெளியே"ன்னு சொல்லிப் போட்டாங்க. எட்டுப் பேரு எந்திரிச்சு வெளிய போனாங்க பாருங்க, பள்ளிக்கூடத்துல வாத்தியாரு தொரத்துன மாதிரி! எங்கூட்டுக்காரருக்கு மொகமே செத்துப் போச்சு. எனக்குந்தான் பயம். கனைச்சாக் காதுல உளுகோணுமே.

அந்த நேரம் பாத்து மேல இருந்து ஒரு லெட்டர் வந்துச்சுங்க. இந்தச் சுத்துவட்டாரத்துல இருக்கற பதினோரு ஊருக்கும் சேத்து, ரோடு, பாலம், பஸ்ஸுன்னு போக்குவரத்துக்கு நெதி ஒதுக்கறாங்களாம். ஆனா ஒவ்வொரு ஊரும் தனக்கு மொதல்ல எது வேணும்னு ஒண்ணே ஒண்ணு, ஒண்ணுதான், தீர்மானம் போட்டு அனுப்போணும். ரெண்டு எழுதுனா ரெண்டும் செல்லாது. வெள்ளிக்கெழமைக்குள்ள போய்ச் சேரோணும்.

சேர்மன் குழந்தைவேலு, "ஊருக்குக் கெழக்கால புறவழிச்சாலை"ன்னாரு. வைஸ் சேர்மன் நாச்சிமுத்து, "மேக்கால புறவழிச்சாலை"ன்னாரு. சேர்மனுக்குக் கெழக்கால தென்னந்தோப்பு இருக்குது. வைசுக்கு மேக்கால கல்யாண மண்டபம் இருக்குது. ஆனா அதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லைங்க. ரெண்டு பேருமே தனித்தனியா எங்கிட்ட வந்து அதச் சொன்னாங்க. நாங் கேக்காமயே சொன்னாங்க. நல்ல மனுசங்க, மறைச்சு வெக்கத் தெரியாது.

மன்றத்துல இருபத்தோரு பேரு. சேர்மன் பக்கம் பத்து, வைஸ் பக்கம் பத்து. மீதி யாரு? நானு! அந்த வாரம் எங்கூட்டு வாசல்ல காரு நிக்காத நாளில்லீங்க. எங்கூட்டுக்காரருக்கு ஒரு கொணம். யாராச்சும் எதுக்க உக்காந்து "மாப்ள"ன்னு கூப்புட்டு ஒரு டீ வாங்கிக் குடுத்துட்டா, இல்லைன்னு சொல்ல அவருக்கு நாக்கு வராது. திங்கக்கெழமை சேர்மன் டீ வாங்கிக் குடுத்தாரு, கெழக்குன்னு வாக்குக் குடுத்துட்டாரு. செவ்வாக்கெழமை வைஸ் டீ வாங்கிக் குடுத்தாரு, கூட வடையும். மேக்குன்னு வாக்குக் குடுத்துட்டாரு.

"ஏனுங்க, இப்ப நான் எதுக்குக் கையத் தூக்கறது?"ன்னு கேட்டேன்.

"நான் சன்னலுக்கு வெளிய நிக்கறேன் புள்ள. வலக்கையத் தூக்குனா கெழக்கு, எடக்கையத் தூக்குனா மேக்கு. என்னையவே பாத்துட்டு இரு"ன்னாரு.

"உங்க வலக்கையா, எனக்கு எதுக்கத் தெரியற வலக்கையா?"

அவரு சித்த நேரம் ரெண்டு கையையும் மாத்தி மாத்திப் பாத்தாரு. "அதெல்லாம் அங்க வந்து சொல்றேன்"னுட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. பாவம், அவருக்கே இன்னும் முடிவாகலீங்க.

இதுக்கு நடுவுல நாகமணியப் பத்திச் சொல்லோணும். எங்கூட்டுக்கு மூணாவது ஊடு. முப்பத்திநாலு வயசு, பனியன் கம்பெனியில ஓவர்லாக் டைலரு. எப்பப் பாத்தாலும் சிரிச்சுட்டே இருப்பா. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி கிட்னி ரெண்டும் போயிருச்சு. வாரத்துல மூணு நாளு பெரியாஸ்பத்திரியில டயாலிசிஸ். ஆறே முக்காலுக்கு அங்க இருக்கோணும், ஒரு மிஷினுக்கு நாலு பேரு காத்துட்டிருப்பாங்க. இவ விடியக்கால நாலரைக்கே கெளம்பி ரயில்வே கேட்டு வரைக்கும் நடந்து, அங்க மினி பஸ்ஸப் புடிச்சு, பழைய பஸ் ஸ்டாண்டுல எறங்கி, இன்னொரு பஸ் ஏறி, டவுன்ல எறங்கி, ஷேர் ஆட்டோ. போகும்போதாச்சும் பரவால்ல. ரத்தத்தச் சுத்தம் பண்ணிட்டு வரும்போது ஆளு துணி மாதிரித் தொவண்டு போயிருவாளுங்க.

கூட்டத்துக்கு மொத நாளு மத்தியானத்துக்கு மேல நானு வாசல் கூட்டிட்டிருக்கேன், இவ வாரா. செருப்பக் கையில புடிச்சுட்டு வாரா. "ஏன் புள்ள?"ன்னேன்.

"வாரு அந்துருச்சுக்கா. இங்க பாருங்க, இன்னைக்கு எனக்கு வருமானம்"னு கையத் தொறந்து காட்டறா. ரெண்டு பத்து ரூவா காசு.

"ஏது?"

"பஸ் ஸ்டாண்டுல தல சுத்துச்சு. உக்கார எடமில்ல, தூண்ல சாஞ்சு கீழ உக்காந்து கண்ண மூடுனேன். கண்ணத் தொறந்து பாத்தா முன்னால இது கெடக்குது. யாரோ புண்ணியவான், பிச்சக்காரின்னு நெனச்சுட்டான் போல"ன்னு சொல்லிட்டு அப்படியொரு சிரிப்புச் சிரிச்சா.

நானும் சிரிச்சனுங்க. அவ சிரிக்கும்போது சிரிக்காம இருக்க முடியாது. அவ உள்ள போனதுக்கப்பறம் எனக்கு வெளக்கமாறு ஓடவே இல்ல.

வெள்ளிக்கெழமை பதினோரு மணிக்குக் கூட்டம். பத்திரிகைக்காரங்க ரெண்டு பேரு கேமராவோட வந்திருந்தாங்க. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிரியாணி சொல்லியிருந்தாங்க, அது வேற பதினோரு மணிக்கே வந்து பக்கத்து ரூம்புல கமகமன்னுட்டு இருக்குது. எங்கூட்டுக்காரரு சொன்ன மாதிரியே சன்னலுக்கு வெளிய வந்துட்டாரு. சன்னலு ஒசரங்க. ஒரு பூந்தொட்டியக் கவுத்துப் போட்டு அதும்மேல ஏறி நின்னுக்கிட்டாரு. தல மட்டும் தெரியுது.

சேர்மன் கெழக்குத் தீர்மானத்த வாசிச்சாரு. வைஸ் மேக்குத் தீர்மானத்த வாசிச்சாரு. ரெண்டு பேரும் முடிச்சதும் இருபது பேரும் ஒண்ணாத் திரும்பி என்னையப் பாத்தாங்க. நானு சன்னலப் பாத்தேன். எங்கூட்டுக்காரரு வலக்கையத் தூக்குனாரு. ஒடனே வைஸும் சன்னலப் பாத்தாரு. எங்கூட்டுக்காரரு அந்தக் கையக் கீழ போட்டுட்டு எடக்கையத் தூக்குனாரு. சேர்மனும் சன்னலப் பாத்தாரு. இவரு ரெண்டு கையையும் தூக்கி, கும்புடற மாதிரி வெச்சுக்கிட்டாரு.

நானு என்னங்க பண்ணுவேன்? எந்திரிச்சேன்.

எந்திரிச்சது எனக்கே தெரியாதுங்க. நாற்காலி பின்னால உளுந்த சத்தம் கேட்டுத்தான், அட, நாம நிக்கறோம்னு தெரிஞ்சுச்சு. கமிஷனரம்மா, "சொல்லுங்கம்மா"ன்னாங்க. மூணு வருசத்துல என்னைய யாரும் அங்க சொல்லுங்கன்னு சொன்னதில்ல.

"எனக்குக் கெழக்கும் வேண்டாம், மேக்கும் வேண்டாமுங்க. எங்க ஊர்ல இருந்து பெரியாஸ்பத்திரிக்கு நேரா ஒரு பஸ் வேணும். விடியக்கால ஒண்ணு, மத்தியானம் திரும்பி வர ஒண்ணு. ரயில்வே கேட்டு வழியா, எல்லா வார்டையும் தொட்டுட்டுப் போகோணும்"னேன்.

அவ்வளவு சொன்னதும் எனக்கு தைரியம் வந்துருச்சு பாருங்க! சன்னல்ல எங்கூட்டுக்காரரு ரெண்டு உள்ளங்கையையும் கீழ பாத்து அமுக்கி அமுக்கிக் காட்டறாரு. பதறாத, நெதானமாப் பேசுன்னு சொல்றாரு. நானு நெதானமாப் பேசுனேன். அவரு வாய்மேல கைய வெச்சு இறுக்கமாப் பொத்திக்கிட்டாரு. அழுகை வந்திருக்கும், எளகுன மனசு. அப்பறம் நெத்தியில படார் படார்னு அடிச்சுக்கிட்டாரு. இந்தப் பொம்பளைக்குள்ள இவ்வளவு இருந்துச்சா, இத்தன வருசம் தெரியாமப் போச்சேன்னு. அந்த ஒருத்தரு குடுத்த ஊக்கந்தாங்க எல்லாமே. கடைசியில தொட்டி ஒடைஞ்சு கீழயே உளுந்துட்டாரு. உளுகற அளவுக்கு சந்தோசம்!

நாகமணி கதையச் சொன்னேன். ரெண்டு பத்து ரூவாக் காசு கதையச் சொன்னேன். அவ பேரச் சொல்லல, எங்க வார்டுப் பொண்ணுன்னு மட்டும் சொன்னேன். கம்பெனியில பத்து வருசமா ஒரு நாளைக்கு நானூறு பனியன் தெச்ச கை, அதுக்கு முன்னால காசு போட்டுட்டுப் போறாங்கன்னு சொன்னேன். "நம்ம ஊரச் சுத்திப் போறதுக்கு ரோடு கேக்கறீங்க. நம்ம ஊருக்குள்ள இருக்கறவங்க வெளிய போறதுக்கு வழியக் கேளுங்களே"ன்னேன். இது எங்க இருந்து வந்துச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாதுங்க. வந்துச்சு. அப்பறம் ஒன்பதாவது வார்டு கர்ப்பிணிகளச் சொன்னேன், ஆறாவது வார்டுல கண்ணு ஆப்பரேசனுக்குப் போனவரச் சொன்னேன், எம்பட மாமியா இடுப்பு ஒடிஞ்சதச் சொன்னேன், அதுல இருந்து எங்க நாத்தனாரு கல்யாணத்துக்குப் போயிட்டு மறுபடி பஸ்ஸுக்கே வந்துட்டேன். அஞ்சு நிமிசந்தான் பேசியிருப்பேன். பத்திரிகைக்காரரு முப்பத்தஞ்சு நிமிசம்னு எழுதிட்டாரு. அவங்க எப்பவுமே கொஞ்சம் கூட்டித்தான் எழுதுவாங்க.

ஒருத்தரு அசையலீங்க. பன்னெண்டாவது வார்டு கவுன்சிலரு கண்ண மூடிக் கேட்டாரு. சேர்மன் நாலஞ்சு தடவ வாட்ச்சப் பாத்தாரு. இப்பேர்ப்பட்ட ஒரு நேரத்தக் குறிச்சு வெச்சுக்கோணும்னு அவருக்குத் தோணியிருக்குது.

நானு உக்காந்ததும் வைஸ் நாச்சிமுத்து பக்கத்துல இருந்தவரு காதுல, "கெழக்கு வராமப் போனாச் சரி"ன்னு என்னமோ சொன்னாரு. அது எனக்கு வெளங்கல. அப்பறம் எந்திரிச்சு, "சகோதரியின் கோரிக்கையை மனமார வழிமொழிகிறேன்"னு சத்தமாச் சொன்னாரு. பத்துக் கை மேல போச்சு! சேர்மன் அந்தக் கைகளப் பாத்தாரு, கேமராவப் பாத்தாரு, என்னையப் பாத்தாரு. "நானும் இதையேதான் ரொம்ப நாளா மனசுல வெச்சிருந்தேன்"ன்னு அவரும் கையத் தூக்கிட்டாரு. அப்படியே மீதி ஒன்பது கையும். பாருங்க அம்மணி, ரொம்ப நாளா மனசுல வெச்சிருந்திருக்காரு, சொல்லக் கூச்சப்பட்டுட்டு இருந்திருக்காரு. பெரிய மனுசங்களுக்கும் கூச்சம் இருக்கத்தான் செய்யுது.

"மருதங்காடு நகராட்சியின் முதல் முன்னுரிமை, அரசு மருத்துவமனைக்கு நேரடிப் பேருந்து. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது"ன்னு கமிஷனரம்மா படிச்சாங்க. படிச்சு முடிச்சு எனக்கு மட்டும் தெரியற மாதிரி ஒரு சிரிப்புச் சிரிச்சாங்க. அன்னைக்குப் பிரியாணிய நானு ரெண்டு தடவ வாங்கிச் சாப்புட்டனுங்க.

எங்கூட்டுக்காரரு அதுக்கப்பறம் நாலு நாளு எங்கிட்டப் பேசவே இல்ல. பேச்சே வரல அவருக்கு, அவ்வளவு பூரிப்பு. டீக்கடைப் பக்கமே போகல. அஞ்சாவது நாளு பேப்பர்ல எம்பட போட்டோ வந்துச்சு. அத எடுத்துட்டுப் போய், "நாந்தான் சன்னல்ல நின்னு என்ன பேசோணும்னு எடுத்துக் குடுத்தேன்"னு டீக்கடையில எல்லாருக்கும் காட்டுனாரு. உண்மைதானுங்களே!

அப்பறம் கலெக்டராபீசுல பதினோரு ஊருக்கும் சேத்துக் கூட்டம். கமிஷனரம்மா என்னையவும் கூட்டிட்டுப் போனாங்க. பத்து ஊருக்காரங்க பைபாஸ், மேம்பாலம், ரிங் ரோடுன்னு பெரிய பெரிய படத்தச் சுருட்டிட்டு வந்திருந்தாங்க. எங்க கையில ஒரே ஒரு பேப்பரு, அதுலயும் ரெண்டே வரி. அந்த ஆபீசரு ஒவ்வொரு படமாப் பாத்து, "நெலம் எடுக்கோணும். கேசு போடுவாங்க. ஏழு வருசம். இது பத்து வருசம்"னு ஒதுக்கி வெச்சுட்டே வந்தாரு. எங்களுது வந்ததும் திருப்பிப் பாத்தாரு. பின்னால ஒண்ணுமில்ல. "பஸ் மட்டுந்தானா?"ன்னாரு.

"மட்டுந்தானுங்க"ன்னேன்.

"அப்பாடா. இந்த வருசம் ஒண்ணையாச்சும் முடிச்சோம்னு காட்டிக்கலாம்"னு ஒடனே கையெழுத்தப் போட்டாரு. எழுதற வெதத்துல எழுதுனா ரெண்டு வரி போதுமுங்க.

பஸ்ஸு வந்த அன்னைக்கு ஊரே திரண்டுச்சு. ஒரு பக்கம் சேர்மனுக்கு நன்றின்னு பிளெக்ஸ், ஒரு பக்கம் வைஸுக்கு நன்றின்னு பிளெக்ஸ். என்னைய வெக்கலையான்னு நெனைக்காதீங்க, நானும் இருந்தேன். சேர்மன் பிளெக்ஸுல அவரு தோளுக்குப் பின்னால பச்சைக் கலருல ஒரு முழங்கை தெரியும். அது என்னுதுதான். சீலைய வெச்சு நானே கண்டுபுடிச்சேன்! போட்டோ புடிச்சு எம்பட மகளுக்கு அனுப்புனேன். டயருக்கு அடியில எலுமிச்சம்பழம் வெச்சாங்க, மேளம் அடிச்சாங்க, சேர்மனும் வைஸும் ஒரே கொடியப் புடிச்சு ஆட்டுனாங்க. அன்னைக்கு மட்டும் மூணு தடவ நானு ஏறி எறங்குனேன். கடைசியில கண்டக்டரே, "அக்கா, இனி நாளைக்கு"ன்னுட்டாரு.

ஆனா அதெல்லாம் வேடிக்கைங்க. மறுநாள்தான் சமாச்சாரம்.

மறுநாளு செவ்வாக்கெழமை. நாகமணிக்கு டயாலிசிஸ் நாளு. அஞ்சே முக்காலுக்கு பஸ்ஸு எங்க வீதி முக்குல வந்து நின்னுச்சு. அவ பையில போர்வையும் பிளாஸ்க்கும் எடுத்துட்டு வந்தா. எங்க ரெண்டு பேரத் தவிர நாலஞ்சு பேருதான். ஜன்னலோரம் அவள உக்கார வெச்சு நானு பக்கத்துல உக்காந்தேன். எனக்கு வாயெல்லாம் பேச்சு. மன்றத்துல நடந்ததப் பூராவும் அவகிட்ட மொதல்ல இருந்து சொல்லோணும்னு ரெண்டு மாசமா சேத்து வெச்சிருந்தேன். "ஏன் புள்ள, அன்னைக்கு அந்த சேர்மன் என்ன சொன்னாருன்னா"ன்னு ஆரம்பிக்கறேன். திரும்பிப் பாத்தா, தூங்கிட்டா.

ரயில்வே கேட்டுகூட வரல, அதுக்குள்ள தூங்கிட்டா. ரெண்டு வருசமா அந்த நேரத்துக்கு அவ எந்த பஸ்ஸுலயும் கண்ண மூடுனதில்லீங்க. அடுத்து எங்க எறங்கோணும், அடுத்த பஸ் வந்திருக்குமான்னு முழிச்சுட்டே போவா. அன்னைக்குத் தல சாஞ்சு எந்தோள்மேல உளுந்துச்சு. வாய லேசாத் தொறந்துட்டு, கொழந்த மாதிரி.

நாப்பது நிமிசம். என்னையப் பாத்தா வாய மூடற ஆளு மாதிரியா தெரியுது உங்களுக்கு? கேட்டு தொறந்தே இருந்துச்சு, அதச் சொல்லோணும்னு இருந்துச்சு. கெழக்க வானம் செவந்துட்டு வந்துச்சு, அதக் காட்டோணும்னு இருந்துச்சு. தோளு மரத்துப் போச்சு. கண்டக்டர் வந்து, "எங்கக்கா?"ன்னு கேட்டாரு. நானு மூச்சுகூட சத்தமா உடாம, முன்னால ஆஸ்பத்திரிப் பக்கம் கையக் காட்டி, டிக்கெட்டுக்கு ரெண்டு வெரல மட்டும் தூக்குனேன்.